இளைப்பு இல்லாத நாளிலும் மூச்சுக்குழாயில் நடப்பது என்ன?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 34. மார்கழிப் பனியிலும், வீட்டில் ஒட்டடை அடிக்கும்போதும் மட்டும் நெஞ்சு இறுகி வீசிங் வரும். கோவையில் ஒரு நெஞ்சக மருத்துவர் 'மைல்டு ஆஸ்துமா' என்று சொல்லி, தினமும் இழுக்க ஒரு இன்ஹேலரும், திணறும்போது இழுக்க நீல நிற இன்ஹேலர் ஒன்றும் எழுதித் தந்தார். சில மாதங்களாக எந்தத் தொந்தரவும் இல்லாததால் தினசரி இன்ஹேலரை நிறுத்திவிட்டேன். அடுத்த முறை போனபோது, "வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே அழற்சி இரசாயனங்கள் சுரந்துகொண்டுதான் இருக்கும்" என்று கடிந்துகொண்டார். மூச்சு சீராக இருக்கும்போது உள்ளே நோய் இருக்கும் என்பது உண்மைதானா? – வாசகி, சோமனூர்.

பதில்: உண்மைதான். உங்கள் மருத்துவர் உங்களைப் பயமுறுத்துவதற்காக அதைச் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயம் நோயாளிகளுக்கு விளங்கும்படி சொல்லப்படாததால்தான் 'மைல்டு' என்ற சொல்லை நம்பி மருந்தை நிறுத்துகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில், மெல்லிய சவ்வுக்கு அடியிலும் தசைநார்களுக்கு இடையிலும், மாஸ்ட் செல்கள் என்னும் அணுக்கள் இருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் அவற்றின் உடல் முழுவதும் குருணை குருணையாக அடைந்திருப்பது தெரியும். ஜெர்மானிய அறிவியலாளர் பால் எர்லிக் 1878-ல் இவற்றை விவரித்துப் பெயரிட்டார். ஒவ்வாமை உள்ளவர்களின் உடலில் ஐஜிஈ என்ற எதிர்ப்பொருள் உருவாகி, இந்த மாஸ்ட் செல்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். ஒட்டடையோடு வரும் தூசிப்பூச்சியின் கழிவோ, பார்த்தீனியச் செடியின் மகரந்தமோ மூச்சோடு உள்ளே போய் அந்த எதிர்ப்பொருளைத் தொட்டதும், குருணைகள் உடைந்து அவற்றில் சேர்த்து வைக்கப்பட்டிருந்த ஹிஸ்டமின் சில நிமிடங்களிலேயே வெளியே கொட்டுகிறது. அது குழாயைச் சுற்றியுள்ள தசையைச் சுருங்கச் செய்கிறது. நுண்ணிய இரத்த நாளங்களின் சுவரை இளக்கி நீர் கசியவும் வைக்கிறது. சவ்வு வீங்குகிறது, வழி குறுகுகிறது, நெஞ்சில் 'கீச்' என்ற ஒலி கேட்கிறது.

ஹிஸ்டமின் ஏற்கெனவே தயாராகச் சேமித்து வைக்கப்பட்ட பொருள். அதோடு மாஸ்ட் செல் தன் சவ்விலுள்ள கொழுப்பு அமிலத்திலிருந்து அந்த நேரத்திலேயே புதிதாகச் செய்து வெளியிடும் பொருள்கள் இரண்டு வகை. ஒன்று புரோஸ்டாகிளாண்டின் டி2, மற்றொன்று லுக்கோட்ரையீன்கள். மூச்சுக்குழாயைச் சுருக்கும் வலிமையில் சில லுக்கோட்ரையீன்கள் ஹிஸ்டமினைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வரை வலியவை. அவை ஏற்படுத்தும் சுருக்கம் நெடுநேரம் நீடிக்கவும் செய்யும். 1938-லேயே பெல்ட்பர்க், கெல்லவே என்ற இரு ஆய்வாளர்கள், தசையை மெதுவாகச் சுருக்கி வெகுநேரம் விடாமல் பிடித்திருக்கும் ஏதோ ஒரு பொருள் இருப்பதைக் கண்டிருந்தார்கள். அது இன்னதென்று தெரிய நாற்பது ஆண்டுகள் ஆயின. 1979-ல் ஸ்வீடனின் பெங்க்ட் சாமுவேல்சன் குழுவினர் அதன் அமைப்பைக் கண்டறிந்து லுக்கோட்ரையீன் என்று பெயரிட்டார்கள். புரோஸ்டாகிளாண்டின்களையும் அவற்றைச் சார்ந்த பொருள்களையும் ஆராய்ந்ததற்காக 1982-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். இவையெல்லாம் இளைப்பு வந்த நேரத்தில் மட்டும் சுரந்து மறைந்துவிடும் என்றுதான் நெடுங்காலம் பலர் கருதினார்கள். 1980-களில் வளையும் குழாய்க் கருவியை மூச்சுக்குழாய்க்குள் செலுத்தி, உப்புநீர் விட்டு அலசி, அந்த நீரைத் திரும்ப உறிஞ்சி அளக்கும் முறை வந்த பிறகு நிலைமை மாறியது. 1990-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, லேசான ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய் அலசல் நீரில் ஹிஸ்டமினும் புரோஸ்டாகிளாண்டின் டி2-வும், ஆஸ்துமா இல்லாதவர்களிடம் இருப்பதைவிட அதிகமாக இருப்பதைக் காட்டியது. இத்தகைய ஆய்வுகளில் கருவி செலுத்தப்படுவது இளைத்துக்கொண்டிருக்கும் நோயாளிக்கு அல்ல, நிலையாக இருக்கும் நோயாளிக்குத்தான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அதே காலத்தில் லேசான ஆஸ்துமா உள்ளவர்களின் குழாய்ச் சுவரிலிருந்து கடுகளவு சதை எடுத்துப் பார்த்தவர்கள், அங்கே ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் மிகுந்திருப்பதையும், சவ்வின் அடிப்படலம் தடித்திருப்பதையும் கண்டார்கள். மேல்மண் காய்ந்து வெளுத்திருந்தாலும் ஒரு சாண் தோண்டினால் ஈரம் கையில் ஒட்டுவதைப்போல, மூச்சு சீராக இருக்கும் நெஞ்சிலும் அழற்சி இருக்கிறது என்பதை இப்படித்தான் மருத்துவம் கற்றுக்கொண்டது.

இந்த அழற்சியை அணையவிடாமல் வைத்திருப்பவை இன்டர்லூக்கின்கள் எனப்படும் தூதுப் புரதங்கள். இன்டர்லூக்கின் 4 ஐஜிஈ எதிர்ப்பொருளை உருவாக்கத் தூண்டுகிறது. இன்டர்லூக்கின் 5 எலும்பு மச்சையிலிருந்து ஈசினோபில்களை வரவழைத்து நீண்ட நாள் உயிரோடு வைத்திருக்கிறது. இன்டர்லூக்கின் 13 சளி சுரக்கும் அணுக்களைப் பெருக்குகிறது, சவ்வு அணுக்கள் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை மிகுதியாக வெளியிடவும் செய்கிறது. ஈசினோபில்கள் கொட்டும் நச்சுப் புரதங்கள் சவ்வை அரித்து அடியிலுள்ள நரம்பு நுனிகளை வெளிப்படுத்திவிடுவதால்தான், பிறரை ஒன்றும் செய்யாத மார்கழிக் காற்றும் தாளிப்புப் புகையும் உங்களை இரும வைக்கின்றன.

இந்த அழற்சியின் அடையாளத்தை உங்கள் கண்ணாலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு மிகுந்திருப்பதை 1993-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இன்று நெஞ்சக மருத்துவமனைகள் சிலவற்றில் அதை அளக்கும் சிறு கருவி இருக்கிறது; சுமார் பத்து விநாடி ஒரே சீராக ஊதினால் போதும். பெரியவர்களுக்கு நூறு கோடியில் 25 பங்குக்குக் கீழே இருந்தால் குறைவு, 50-க்கு மேல் இருந்தால் ஈசினோபில் வகை அழற்சி இருக்க வாய்ப்பு மிகுதி. புகைபிடிப்பவர்களிடம் இந்த அளவு தாழ்ந்து காட்டும் என்பதால், அளவை மட்டும் வைத்து யாரும் முடிவுக்கு வரக் கூடாது. தினசரி இன்ஹேலரை மீண்டும் தொடங்குவது பற்றி உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் பழைய சோளத்தட்டுப் போரைப் பிரித்து மாட்டுக்குப் போடுவதும் கட்டுத்தரையைக் கூட்டுவதும் மத்தியானம் இரண்டு மணி வாக்கில். அப்போது லேசாகத் தும்மல் வந்து அடங்கிவிடும். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் இளைப்பு வந்து உட்கார்ந்தே விடிகிறது. இராத்திரியில் தயிர்சோறு சாப்பிடுவதால்தான் என்கிறார் அம்மிச்சி. சரியா? – வாசகர், கோபிசெட்டிபாளையம்.

பதில்: தயிர்சோற்றின் மேல் பழி வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது இரண்டு கட்டமாக வரும் ஒவ்வாமையின் தெளிவான வடிவம். முதல் கட்டம் ஹிஸ்டமின், புரோஸ்டாகிளாண்டின், லுக்கோட்ரையீன் ஆகியவற்றால் சில நிமிடங்களில் தொடங்கி ஓரிரு மணி நேரத்தில் தணிவது. அந்த நேரத்தில் மாஸ்ட் செல்கள் விடுத்த தூதுப் பொருள்கள் இரத்தத்திலிருந்து ஈசினோபில்களையும் பிற வெள்ளணுக்களையும் அழைத்து வரச் சில மணி நேரம் ஆகும். அவை வந்து சேர்ந்து தங்கள் பங்கைக் கொட்டும்போது, மூன்று நான்கு மணி நேரம் கழித்து, இரண்டாம் கட்டச் சுருக்கம் தொடங்கி ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் உச்சம் அடைகிறது. ஒவ்வாமை ஆஸ்துமா உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு இந்த இரண்டாம் கட்டம் வருகிறது. போதாததற்கு, நுரையீரலின் செயல்திறன் எல்லோருக்குமே விடியற்காலை நான்கு மணியளவில்தான் மிகவும் தாழ்ந்திருக்கும். மத்தியானத் தூசிக்கு இரவில் விலை கொடுக்கிறீர்கள்.

பழைய தட்டில் பூசண வித்துகளும் சேமிப்புப் பூச்சிகளும் சேர்ந்திருக்கும். நனைந்து கறுத்த தட்டைப் பிரிப்பதை வேறொருவரிடம் விடுங்கள். முடியாவிட்டால் சாதாரணத் துண்டு போதாது, மூக்கில் இறுக்கமாகப் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும். தட்டின் மேல் சிறிது நீர் தெளித்துவிட்டுப் பிரித்தால் தூசி எழுவது குறையும்.

இன்னொன்றையும் உங்களிடம் கேட்டாக வேண்டும். அந்த இரவு இளைப்போடு காய்ச்சலும் குளிரும் உடல்வலியும் வருகின்றனவா? அப்படியென்றால் அது ஆஸ்துமாவாக இல்லாமல், பூசணம் பிடித்த தீவனத் தூசியால் நுரையீரலின் காற்றறைகளே அழற்சியுறும் வேறொரு நோயாக இருக்கலாம். அதில் வீசிங் ஒலி பெரும்பாலும் இருக்காது, மருத்துவமும் வேறு. 'விவசாயிகளின் நுரையீரல் நோய்' என்றே அதற்குப் பெயர். காய்ச்சல் உண்டு என்றால் தாமதிக்காமல் நெஞ்சக மருத்துவரிடம் போய், கட்டுத்தரை வேலையைப் பற்றியும் சொல்லுங்கள். கேட்காவிட்டால் சொல்லாமல் வந்துவிடுகிறவர்கள் நம் ஊர்ப்பக்கம் மிகுதி.

கேள்வி: தினமும் இரவில் ஒரு அலர்ஜி மாத்திரை போட்டால் ஆஸ்துமாவுக்குப் போதாதா? இன்ஹேலர் எதற்கு? – வாசகர், உடுமலைப்பேட்டை.

பதில்: போதாது. செட்டிரிசின் போன்ற மாத்திரைகள் ஹிஸ்டமினை மட்டும் தடுப்பவை. தும்மலும் மூக்கு நீரும் அடங்கும். ஆனால் முதல் பதிலில் சொன்ன லுக்கோட்ரையீன்களையும் இன்டர்லூக்கின்களையும் அவை தொடுவதே இல்லை. மருந்துக்கடைகளில் அதிகம் விற்கும் மாண்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரையில் லுக்கோட்ரையீனைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. சிலருக்கு அது நன்றாகவே உதவும். இருந்தாலும் பொதுவாகத் தினமும் இழுக்கும் குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு அது ஈடாகாது. மேலும் மனச்சோர்வு, கெட்ட கனவு, குழந்தைகளிடம் திடீர் முரட்டுத்தனம், அரிதாகத் தற்கொலை எண்ணம் ஆகியவை வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-ல் அந்த மருந்துக்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. அதைச் சீட்டில்லாமல் மாதக்கணக்கில் வாங்கிப் போடுவதும், பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் எனக்குக் கவலை தருகின்றன.

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு மேல் நூற்பாலையில் புளோ ரூமிலும் பஞ்சைச் சீவும் கார்டிங்கிலும் வேலை செய்தேன். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் மட்டும் நெஞ்சில் கல் வைத்ததுபோல இருக்கும், அடுத்தடுத்த நாள்களில் குறையும். இதுவும் லேசான ஆஸ்துமாதானா? – வாசகர், சிங்காநல்லூர்.

பதில்: இல்லை என்றே நினைக்கிறேன். வேலையால் வரும் ஆஸ்துமா வாரம் செல்லச் செல்லக் கூடும், விடுமுறையில் குறையும். உங்களுக்கு நேர்மாறாக முதல் நாள் கடுமையும் பிறகு தணிவும் இருக்கின்றன. இது பைசினோசிஸ் என்னும் பஞ்சுத்தூசி நோயின் அடையாளம். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் 1950-களில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் இந்த முதல்நாள் இறுக்கத்தைக் கொண்டே நோயைப் படிநிலைகளாகப் பிரித்தார்.

இங்கு இரசாயனங்கள் சுரக்கும் வழியும் வேறு. பஞ்சோடு வரும் காய்ந்த இலைத்துகள்களில் வாழும் பாக்டீரியாக்களின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. ஐஜிஈ எதிர்ப்பொருளின் துணையே இல்லாமல் அது நுரையீரலின் விழுங்கணுக்களை நேரடியாகத் தூண்டுகிறது. வந்து குவிபவையும் ஈசினோபில்கள் அல்ல, நியூட்ரோபில்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள். ஆகையால் ஒவ்வாமைப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததை வைத்து நோயே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். கட்டு பிரித்து அடிக்கும் புளோ ரூமிலும் கார்டிங்கிலும்தான் அந்தத் தூசி மிக அடர்த்தி. கண்ணிமையிலும் புருவத்திலும் வெள்ளையாகப் படிந்திருப்பதைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களுக்கு அது தெரியும். தொடக்கத்தில் முதல் நாள் மட்டும் வருவது, ஆண்டுகள் செல்லச் செல்ல எல்லா நாளும் வந்து நிரந்தரக் குறைபாடாகிவிடும். பீடி, சிகரெட் அதை விரைவுபடுத்தும்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் பைசினோசிஸும் இடம்பெற்றது. ஆகவே எந்தெந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை செய்தீர்கள் என்பதை எழுத்தில் வைத்துக்கொண்டு, ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இப்போதும் வேலையில் இருக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: ஊதும் வேகத்தை அளக்கும் சிறிய பீக் ஃபுளோ மீட்டர் ஒன்று வாங்கி, வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் தினம் நான்கு முறையாவது ஊதி, இரண்டு மூன்று வாரங்கள் நேரத்தோடு குறித்து வாருங்கள். மருத்துவருக்கு அந்தத் தாள் உங்கள் வாய்மொழியைவிடப் பெரிய சாட்சி.

கேள்வி: ஆஸ்துமா உள்ள என் கணவருக்குத் தலைவலி மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் மூக்கடைத்து இளைப்பு வந்துவிட்டது. சம்பந்தம் உண்டா? – வாசகி, பொள்ளாச்சி.

பதில்: உண்டு, கவனமாக இருங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகும் பாதையை அடைப்பவை. புரோஸ்டாகிளாண்டின்களில் ஈ2 என்னும் வகை மாஸ்ட் செல்களை அடக்கி வைத்திருக்கும் நல்ல பொருள். அது குறைந்ததும் லுக்கோட்ரையீன் உற்பத்தி கட்டுமீறுகிறது. வயதுவந்த ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 7 சதவீதம் பேருக்கு இந்த இயல்பு உண்டு. மூக்கில் சதை வளர்ந்தவர்களிடம் இன்னும் மிகுதி. இனி அந்த மாத்திரையும் அதன் இனத்தைச் சேர்ந்தவையும் வேண்டாம். சாதாரண அளவு பாராசிட்டமால் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது. மூட்டுவலி, பல்வலி என்று எங்கே போனாலும் முதலில் இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: தினசரி இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறதாமே? எலும்பு தேய்ந்துவிடும் என்று பயந்து நீல இன்ஹேலரை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்கிறேன். – வாசகர், பெருந்துறை.

பதில்: இந்தப் பயத்தைத்தான் நான் நோயைவிடப் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன். நீல இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் தசையைத் தளர்த்தி வழியைத் திறக்கிறது, அவ்வளவுதான். ஈசினோபில்களும் இன்டர்லூக்கின்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஸ்டீராய்டு ஒன்றுதான் அணுக்களின் உட்கருவரை போய், அழற்சிப் புரதங்களைச் செய்யும் மரபணுக்களை அடக்குகிறது. இழுத்தவுடன் சுகம் தெரியாததற்கும் நாள்கணக்கில் பலன் தெரிவதற்கும் அதுவே காரணம்.

அளவைப் பாருங்கள். லேசான ஆஸ்துமாவுக்குத் தினமும் போதுமான, ப்யூடசோனைடு என்ற இன்ஹேலர் ஸ்டீராய்டு பெரும்பாலும் 200 மைக்ரோகிராம். இளைப்பு முற்றி மருத்துவமனைக்குப் போனால் தரப்படும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம். இரண்டின் வீரியமும் வேறுபடும் என்றாலும், எடையில் இது 200 மடங்கு. அதுவும் நேராக இரத்தத்தில் கலப்பது. சிறிய அளவை மறுத்து நீங்கள் இந்தப் பெரிய அளவுக்குத்தான் வழிவிடுகிறீர்கள்.

தினமும் இழுக்க முடியாதவர்களுக்கும் இப்போது வழி உண்டு. லேசான ஆஸ்துமா உள்ளவர்களிடம் நடந்து 2018-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தேவைப்படும்போது மட்டும் ப்யூடசோனைடும், தசையைத் தளர்த்தும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த இன்ஹேலரை இழுத்தவர்களுக்கு, நிவாரண இன்ஹேலரை மட்டும் நம்பியவர்களைவிடக் கடுமையான தாக்குதல்கள் 64 சதவீதம் குறைவாக வந்தன. நெஞ்சு இறுகும் அதே நேரத்தில்தான் அழற்சியும் பொங்குகிறது. ஒரே இழுப்பில் தளர்த்தும் மருந்தும் அழற்சியை அடக்கும் மருந்தும் போய்ச் சேர்வதே இதன் பயன். அடுத்த ஆண்டே, உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் 'ஜினா' அமைப்பு, பெரியவர்களுக்கும் பன்னிரண்டு வயது நிறைந்தவர்களுக்கும் சால்பியூட்டமாலை மட்டும் கொடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்தது. உங்களுக்கு இந்த முறை பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இழுக்கும் முறையும் முக்கியம். முதலில் குப்பியைக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள். இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குழலை வாயில் பொருத்தி, ஒருமுறை அழுத்தி, மெதுவாக ஆழ்ந்து இழுத்துப் பத்து எண்ணும்வரை அடக்குங்கள். இரண்டாவது தடவை வேண்டுமென்றால் அரை நிமிடம் கழித்து, குப்பியை மறுபடி குலுக்கிவிட்டு அழுத்துங்கள். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். நாக்கில் வெண்படலமும் குரல் கம்மலும் வருவதைக் குறைக்க அது உதவும்.